உருமி ஒலித்த உலக ஆல்பம்: 'கலா'வைச் செய்தது யார்?

கேரி தீவின் தோட்டப்புறக் கோயில் திருவிழாவில் உருமி முழங்கினால் அது என்ன ஒலி என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இடை சிறுத்த அந்த மேளத்தின் ஒரு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். மறு முகத்தை மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். தேய்க்கும் பக்கத்திலிருந்து ஓர் உறுமல் எழும். மேளத்தின் பெயரே அந்த உறுமலைத்தான் சொல்கிறது. தைப்பூசக் காலத்தில் பத்துமலைக்கோ கிள்ளான் கோயில்களுக்கோ போய்ப் பழகிய பிள்ளை, தெருக்கோடியில் கேட்டாலும் அதை அடையாளம் கண்டுவிடும்.

2007-ஆம் ஆண்டு ஆகஸ்டில் லண்டனிலிருந்து ஓர் ஆல்பம் வெளிவந்தது. அதிலும் இதே உருமி ஒலிக்கிறது. ராக் இசை விமர்சனத்தால் பெயர் பெற்ற அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' இதழ், அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆல்பமாக அதைத் தேர்ந்தெடுத்தது. பல விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி காணும் 'மெட்டாகிரிடிக்' அதற்கு 100-க்கு 87 கொடுத்தது. ஆல்பத்தின் பெயர் 'கலா'. (யோகி பி பாடியுள்ள ரஜினியின் 'காலா' இல்லை, அது 2018-இல் வந்த படம். இது ஓர் ஈழத்துத் தாயின் பெயர்.)

ஆல்பத்தை உருவாக்கியவர் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருட்பிரகாசம். 'மாயா' என்றும் அழைப்பார்கள். 1975-இல் லண்டனில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கேயும், சில காலம் சென்னையிலும் வளர்ந்தார். போரின் காரணமாகத் தாயுடன் 1986-இல் அகதியாக மீண்டும் லண்டன் வந்து சேர்ந்தார். தந்தை அருளர், ஈழ இயக்கங்களில் ஒன்றான ஈரோசைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். 'லங்கா ராணி' நாவலை எழுதியவர். தாய் கலா, லண்டனில் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். மகள் தம் முதல் ஆல்பத்துக்கு (2005) 'அருளர்' என்று தந்தையின் பெயரை வைத்தார். இரண்டாவதற்குத் தாயின் பெயர். தந்தை அரசியல் பேசினார், தாய் வேலை செய்தார் என்ற வேறுபாடு இரண்டு ஆல்பங்களின் ஓசையிலும் தெரிவதாக எனக்குத் தோன்றும். முதலாவது கோஷம் போடும். இரண்டாவது ஓடிக்கொண்டே இருக்கும்.

எம்.ஐ.ஏ. ராக் குழு நடத்தியவர் அல்லர். ஆனால் அவர் இசைக்குள் நுழைந்தது ஒரு ராக் குழுவின் வாசல் வழியாகத்தான். செயிண்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படம் படித்தவர் அவர். 'எலாஸ்டிகா' என்ற பிரிட்டிஷ் ராக் குழு 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆல்பத்துக்கு அட்டைப்படம் செய்தார். அக்குழுவின் இசைப் பயணத்தைப் படம் பிடிக்கவும் போனார். அந்தப் பயணத்தில்தான் பீச்சஸ் என்ற பாடகி, ரோலண்ட் எம்.சி.-505 என்ற தாளப் பெட்டியை அவருக்கு அறிமுகப்படுத்தினார். பொத்தானைத் தட்டித் தட்டித் தாளம் அமைக்கும் கருவி அது. இசை படிக்காதவர், வாத்தியம் வாசிக்கத் தெரியாதவர், அந்த ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு பாட்டுக் கட்டத் தொடங்கினார்.

விசா கிடைக்காததால் பிறந்த பாட்டு

'அருளர்' நல்ல பெயர் வாங்கியது. பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. அடுத்ததை அமெரிக்காவில், டிம்பலாண்ட் என்ற புகழ்பெற்ற தயாரிப்பாளருடன் செய்வது என்று திட்டம். ஆனால் 2006-இல் அமெரிக்கா அவருக்கு வேலை செய்வதற்கான விசாவைக் கொடுக்கவில்லை. நியூயார்க்கில் குடியேறியிருந்தவர் வெளியே நின்றார்.

அந்த நிலையில் பலர் காத்திருப்பார்கள். இவர் சென்னைக்கு விமானம் ஏறினார். முதலில் ஏ.ஆர். ரஹ்மானைச் சந்தித்தார். தம் மனத்தில் இருந்த ஓசையை அவருக்குப் புரிய வைக்க முடியவில்லை. இருவரும் சேர்ந்து பாட்டமைக்கும் முயற்சி கைகூடவில்லை. ஆனாலும் ரஹ்மான் தம் ஒலிப்பதிவுக் கூடத்தைப் பயன்படுத்த இடம் கொடுத்தார், ஆட்களையும் காட்டிவிட்டார். 22 பேர் கொண்ட தாளக் குழு ஒன்று அங்கே வாசித்துப் பதிவானது. உடன் இருந்தவர் ஸ்விட்ச் என்ற லண்டன் தயாரிப்பாளர். ஒலிப்பதிவைக் கவனிக்க வந்தவர், கடைசியில் ஆல்பத்தின் பெரும்பகுதியை எம்.ஐ.ஏ.வோடு சேர்ந்து தயாரித்தார்.

'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' ஆகிய பாடல்களைக் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலப் பாட்டுக்குப் பின்னணியாகக் கொஞ்சம் மேளத்தைத் தூவிவிட்ட வேலை இல்லை அது. மேளம்தான் பாட்டு, குரல் அதன்மேல் ஏறிச் சவாரி செய்கிறது. பொதுவாக வெளிநாட்டுப் பாடல்களில் நம் வாத்தியம் வந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, ஓரமாக உட்கார வைத்திருப்பார்கள். இங்கே ஒலிவாங்கிக்கு மிக அருகில், காது கிழிகிற அளவுக்கு உருமியும் மற்ற மேளங்களும் மோதுகின்றன. திருவிழாவில் மேளக்காரருக்குப் பக்கத்தில் நின்றவருக்கு அந்த நெருக்கம் தெரியும்.

சென்னையோடு பயணம் நிற்கவில்லை. டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று போன இடமெல்லாம் ஓசை சேர்த்தார். 'ஹஸல்' என்ற பாட்டின் தொடக்கத்தில் கேரள மீனவர்கள் படகு இழுக்கும்போது போடும் குரல் கேட்கிறது. பிறகு ஆப்பிரிக்கன் பாய் என்ற நைஜீரிய வம்சாவளி இளைஞர் பாடுகிறார். 'ஜிம்மி' என்பது 1982-இல் வந்த 'டிஸ்கோ டான்ஸர்' இந்திப் படப் பாட்டின் மறு ஆக்கம். வேறொரு பாட்டில் ஆஸ்திரேலியாவின் வில்கேனியா என்ற ஊரைச் சேர்ந்த பூர்வகுடிச் சிறுவர்கள் பாடுகிறார்கள். அந்தப் பையன்கள் 2002-இல் தாங்களே வெளியிட்டிருந்த பாட்டு அது, எம்.ஐ.ஏ. அதன்மேல் தம் பங்கைச் சேர்த்தார்.

ஆல்பத்தின் முதல் பாட்டான 'பேம்பூ பேங்கா'வைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் தொடக்க வரிகள் 'மாடர்ன் லவர்ஸ்' என்ற அமெரிக்க ராக் குழுவின் 'ரோட்ரன்னர்' பாட்டை நினைவுபடுத்தும்படி அமைந்தவை. நெடுஞ்சாலையில் வானொலியைப் போட்டுக்கொண்டு கார் ஓட்டும் இளைஞனின் பாட்டு அது. அது முடிவதற்குள் உள்ளே நுழைவது என்ன தெரியுமா? இளையராஜாவின் 'காட்டுக்குயிலு'. 1991-இல் வந்த 'தளபதி'யில் ரஜினியும் மம்மூட்டியும் கொண்டாடும் பாட்டு, எஸ்.பி.பி., ஜேசுதாஸ் குரல்கள். பாஸ்டன் நகரத்து ராக்கும் நம் வீட்டுப் பொங்கலும் ஒரே பாட்டில்.

அமெரிக்க விமர்சகர் 'ரோட்ரன்னர்' குறிப்பை உடனே பிடித்துவிடுவார். அவர் அதைக் கேட்டு வளர்ந்தவர். 'காட்டுக்குயிலு' அவருக்கு ஒரு 'தெற்காசிய ஓசை'. பந்திங்கிலோ கிள்ளானிலோ இருக்கும் படிவம் ஐந்து மாணவருக்கு நேர்மாறாக இருக்கும். இருவரும் பாதிப் பாட்டைத்தான் கேட்கிறார்கள். ஆனால் அச்சில் வந்தது ஒருவருடைய பாதி மட்டும்தான். 'கலா'வுக்கு வந்த பாராட்டுகள் உண்மையானவை, மனமுவந்தவை, அதில் ஐயமில்லை. ஆனால் அவற்றுள் பல அந்த ஆல்பத்தை 'மூன்றாம் உலகத்தின் இரைச்சல்' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டன. டிரினிடாட் தாளமும் தமிழ்நாட்டு மேளமும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை.

பாராட்டு யாருக்குப் போனது?

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று எழுந்தது. டிப்லோ என்று ஓர் அமெரிக்கத் தயாரிப்பாளர் உண்டு. 'அருளர்' ஆல்பத்தில் அவர் தயாரித்தது ஒரு பாட்டு. 'கலா'வில் சில பாடல்களில் மட்டும் அவர் கை இருக்கிறது. ஆனால் பத்திரிகைகளில் எழுதியவர்கள், எம்.ஐ.ஏ.வின் ஓசைக்குப் பின்னால் இருக்கும் மூளை அவர்தான் என்பதுபோல மீண்டும் மீண்டும் எழுதினார்கள். 2007-இல் 'பிட்ச்ஃபோர்க்' இதழுக்குக் கொடுத்த நேர்காணலில் எம்.ஐ.ஏ. இதை நேரடியாகவே எடுத்துப் பேசினார். கேள்வி கேட்ட இதழையும் அவர் விட்டுவைக்கவில்லை. தம் வேலையை ஓர் ஆணின் கணக்கில் எழுதுவதை ஏற்க முடியாது என்பதே அவர் வாதத்தின் சாரம்.

சிலர் அதைக் கோபக்காரியின் புலம்பல் என்று தள்ளிவிட்டார்கள். ஆனால் அவர் சொன்னதில் தகவல் பிழை இல்லை. விசா மறுக்கப்பட்டபின் எந்த ஊருக்குப் போவது, யாரை வாசிக்கச் சொல்வது, மேளத்தை எவ்வளவு பக்கத்தில் பதிவு செய்வது, எந்தப் பாட்டின் துண்டை எதனோடு ஒட்டுவது என்று முடிவு செய்தவர் அவர். நம் பள்ளிகளில், கல்லூரிகளில் நடக்கும் குழுப் பணியை நினைத்துப் பாருங்கள். ஓடியாடித் தகவல் திரட்டியவர் ஒருவராக இருப்பார். வகுப்பின் முன் நின்று படைத்தவருக்கு மதிப்பெண் போகும். உலகத்துப் பெரிய இதழ்களும் அதே தவற்றைச் செய்கின்றன, அவ்வளவுதான். ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் 2015-இல் அதே இதழுக்கு அளித்த நேர்காணலில் இதே குறையைச் சொன்னார்: தாம் ஆண்டுக்கணக்கில் செய்த வேலையைக்கூட, கடைசியில் வந்து சேர்ந்த ஆண் தயாரிப்பாளர் செய்ததாக எழுதிவிடுகிறார்கள் என்று. பல ஆல்பம் போட்டவருக்கும் இதுதான் நிலைமை என்றால் புதியவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எம்.ஐ.ஏ.வின் பெயர் டிப்லோவுக்குப் பின்னால் மறைந்தது என்றால், சென்னையில் மேளம் வாசித்தவர்களின் பெயர்கள் எம்.ஐ.ஏ.வுக்குப் பின்னால் மறைந்தன. பதிவுக்கு வந்து வாசித்துவிட்டுப் போகும் கலைஞருக்கு, பொதுவாக அன்றைய கூலியோடு கணக்கு முடிந்துவிடும். பாட்டை எழுதியவர் என்று பெயர் பதிவானவருக்கோ, பாட்டு விற்கும் ஒவ்வொரு முறையும், வானொலியில் ஒலிக்கும் ஒவ்வொரு முறையும், படத்தில் வரும் ஒவ்வொரு முறையும் உரிமைத்தொகை வரும். உருமி அடிப்பவர் உருவாக்கும் தாளம் 'எழுத்து' என்று சட்டத்தின் கண்ணுக்குப் படுவது அபூர்வம். இதற்கு எம்.ஐ.ஏ. ஒருவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நம் திரையிசையிலும் இதுதான் நடக்கிறது. திருவிழாக் காணொளியைப் பதிவேற்றும்போது நாமும் கோயில் பெயரைப் போடுவோம். மேளக்காரர் பெயரைப் போடுவதில்லை.

இதே ஆல்பத்தில் பெயர் சரியாகப் போய்ச் சேர்ந்த ஓர் இடமும் உண்டு. அது 'பேப்பர் பிளேன்ஸ்'. அதன் அடியில் ஓடும் கித்தார் ஒலி 'த கிளாஷ்' என்ற பிரிட்டிஷ் பங்க் ராக் குழுவின் 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்' பாட்டிலிருந்து எடுத்தது. 1982-இல் வந்த அவர்களின் 'காம்பாட் ராக்' ஆல்பத்தில் உள்ள பாட்டு. குடியேறிகளையும், வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிறந்து கைவிடப்பட்ட பிள்ளைகளையும் பற்றியது. விசா மறுக்கப்பட்ட ஓர் அகதிப் பெண் அந்தப் பாட்டைத் தேடி எடுத்தது பொருத்தம்தான். 'த கிளாஷ்' உறுப்பினர் நால்வரின் பெயரும் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டை எழுதியோர் பட்டியலில் இருக்கின்றன. ராக் குழுவின் கித்தார் துண்டுக்கு அந்த மரியாதை கிடைக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

'பேப்பர் பிளேன்ஸ்' கிண்டல் பாட்டு. குடியேறி என்றாலே திருடன், ஆபத்தானவன் என்று பார்க்கும் அதிகாரியின் கண்ணை அது நக்கல் செய்கிறது. பல்லவியில் பிள்ளைகள் பாட, நடுவே துப்பாக்கி வெடிக்கும் ஓசையும் கடையில் பணப்பெட்டி திறக்கும் ஓசையும் வருகின்றன. எம்.டி.வி. அந்தத் துப்பாக்கி ஓசையை நீக்கி ஒளிபரப்பியது. டேவிட் லெட்டர்மேன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் பாடியபோதும் அதை மாற்றிவிட்டார்கள். கிண்டலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இனிமையான மெட்டு மட்டும்தான்.

அந்த மெட்டு பிறகு எங்கெங்கோ போனது. 2008-இல் ஒரு நகைச்சுவைப் படத்தின் முன்னோட்டத்தில் ஒலித்ததும் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் ஏறத் தொடங்கி 4-ஆம் இடம் வரை வந்தது. அதே ஆண்டில் டேனி பாயிலின் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்திலும் இடம்பெற்றது. அந்தப் படத்துக்கு இசை யார்? ரஹ்மான். 2006-இல் சேர்ந்து பாட்டமைக்க முடியாமல் போன இருவரும் அதில் 'ஓ சாயா' பாட்டைச் சேர்ந்தே செய்தார்கள். அது ஆஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பரிசு ரஹ்மானின் 'ஜெய் ஹோ'வுக்குப் போனது. 2009 பிப்ரவரியில் கிராமி மேடையில் எம்.ஐ.ஏ. நிறைமாதக் கர்ப்பிணியாக நின்று பாடினார். 'பேப்பர் பிளேன்ஸ்' அந்த ஆண்டின் சிறந்த இசைப்பதிவுக்கான கிராமி பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. ஆல்பமோ விற்பனைப் பட்டியலில் பிரிட்டனில் 39-ஆம் இடத்தையும் அமெரிக்காவில் 18-ஆம் இடத்தையும்தான் எட்டியிருந்தது. விமர்சகரின் முதலிடமும் கடையின் முதலிடமும் ஒன்றல்ல.

குறையே இல்லாத ஆல்பமா? இல்லை. டிம்பலாண்டோடு செய்த கடைசிப் பாட்டு மற்றவற்றோடு ஒட்டவே இல்லை. விசா கிடைத்திருந்தால் ஆல்பம் முழுவதும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று நினைக்க வைக்கிறது. ஊர் ஊராகப் போய் ஓசை பொறுக்கியதில் சில இடங்கள் சுற்றுலாப் படத்தொகுப்பு போலவும் ஆகிவிடுகின்றன. இன்னொன்று: மேளம் தமிழ்நாட்டுடையது, இடையே இளையராஜா பாட்டும் வருகிறது, ஆனால் எம்.ஐ.ஏ. பாடுவது ஆங்கிலத்தில்.

அந்த வகையில் நம் நாட்டுக்காரர்கள் ஓர் அடி முன்னால் இருந்தார்கள் என்றே சொல்வேன். 'கலா'வுக்கு ஓர் ஆண்டு முன்னால், 2006-இல், யோகி பி & நட்சத்ரா 'வல்லவன்' ஆல்பத்தை வெளியிட்டார்கள். பொயட்டிக் அம்மோ குழுவில் பல மொழிகளில் ராப் செய்து பெயர் பெற்ற யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் சேர்ந்து முழுக்கத் தமிழை முன்னால் நிறுத்தினார். அதில் பெரிதாக ஓடிய 'மடை திறந்து' எங்கிருந்து வந்தது? 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டு. ஆக, ஓராண்டு இடைவெளியில், லண்டனிலும் கோலாலம்பூரிலும் இரண்டு தமிழ்க் கலைஞர்கள் ஒருவரையொருவர் பார்க்காமலே இளையராஜாவின் பெட்டிக்குள் கையை விட்டிருக்கிறார்கள். இருவர் கைக்கும் அகப்பட்டது வாலியின் வரிகளும் எஸ்.பி.பி.யின் குரலும் உள்ள பாட்டுகள்! 'கலா'வைப் பற்றி உலக இதழ்கள் பக்கம் பக்கமாக எழுதின. 'வல்லவன்' பற்றித் தமிழில் நின்று நிதானித்து எழுதப்பட்ட விமர்சனங்கள் அந்த அளவுக்கு இல்லை. பாட்டைக் கேட்டோம், ஆடினோம், யோகி பி தமிழ்நாட்டுத் திரைப்படங்களில் பாடியபோது கைதட்டினோம். எந்தத் தாளம் எங்கிருந்து வந்தது, யார் என்ன செய்தார்கள் என்று எழுதி வைக்கும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுபவர்கள் இதை யோசிக்கலாம்.

இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு ஆய்வேடு தேவையில்லை, கைப்பேசி போதும். கேரி தீவையே எடுத்துக்கொள்வோம். செம்பனைத் தோட்டங்களின் நடுவே தமிழர் குடியிருப்புகள். சற்றுத் தள்ளி சுங்கை பும்போனில் மாமேரி பூர்வகுடி மக்கள். மரச்சிற்பத்துக்கும் முகமூடிக்கும் பெயர் பெற்ற அவர்களுக்கு 'ஜோஓ' என்ற ஆடலும், மூங்கிலைத் தரையில் குத்தித் தாளம் எழுப்பும் இசையும் உண்டு. நம் உருமியும் அவர்கள் மூங்கிலும் ஒரே தீவில் ஒலிக்கின்றன. எம்.ஐ.ஏ. பல கண்டங்கள் சுற்றித் தேடிய சேர்க்கை இங்கே ஒரே தீவுக்குள் இருக்கிறது.

பதிவு செய்யப் போகிறவர்கள் மேளத்திலிருந்து சில அடி தள்ளி நில்லுங்கள். ஒட்டி நின்றால் கைப்பேசியின் ஒலிவாங்கி தாங்காமல் ஓசை உடைந்துவிடும். சடங்குப் பாட்டு என்றால் எல்லாவற்றையும் வெளியே கொடுக்க அவர்களுக்கு விருப்பம் இருக்காது. முதலில் பெரியவர்களிடம் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அனுமதி கிடைத்தால், மேளம் தொடங்கும் முன் வாசிப்பவர் ஒவ்வொருவரையும் தம் பெயரையும் தம் வாத்தியத்தின் பெயரையும் ஒலிவாங்கியில் சொல்லச் சொல்லுங்கள். ஒருவருக்குப் பத்து வினாடி போதும்.